‘வேலை போய்விட்டது’ என்றே எழுதுங்கள்: பெங்களூரு ஹெச்.ஆர். அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஹெச்.ஆர். அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் முப்பத்தோரு வருஷம் டைப்பிஸ்டாகவும் ஸ்டெனோவாகவும் இருந்து ஓய்வு பெற்றேன். எங்கள் தெருவில் யாருக்கு இங்கிலீஷில் எது வந்தாலும் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். பேங்க் கடிதம், கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், பள்ளிக்கூட சர்க்குலர், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி. முன்பு காகிதமாக வந்தது, இப்போது போனில் வருகிறது. இந்த இரண்டு மூன்று வருஷமாக நீங்கள் அனுப்பும் மெயில்கள்தான் அதிகம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எதிர் வீட்டுத் தம்பி ரிங் ரோடு பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் ஆபீஸ் அசிஸ்டென்ட். தபால் பிரிப்பது, ஜெராக்ஸ் எடுப்பது, மீட்டிங் ரூமுக்குத் தண்ணீர் பாட்டில் வைப்பது என்று ஏழு வருஷம். காண்ட்ராக்ட் இல்லை, கம்பெனி ரோலிலேயே இருந்தவன். பொங்கல் முடிந்த வாரம் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்குப் போனை நீட்டிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, ஆபீஸ்லேருந்து மெயில் வந்திருக்கு. என்னை இம்பாக்ட்ல போட்டிருக்காங்க போல. படிச்சுச் சொல்லுங்களேன்.”

ஐ.பி.எல். கிரிக்கெட்டில் 2023-லிருந்து இம்பாக்ட் பிளேயர் என்று ஒரு விதி இருக்கிறது. ஆட்டத்தின் நடுவே ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு, இன்னொருவரை உள்ளே இறக்கலாம். உள்ளே இறங்குகிறவர்தான் இம்பாக்ட் பிளேயர். இந்தச் சொல் அவனுக்கு அறிமுகமானது அங்கேதான். அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர் வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீறல் விழுந்த அந்தப் போன் திரையில் நான் படித்த வரி இது: ‘ஆஸ் பார்ட் ஆஃப் அவர் ஆர்கனைசேஷனல் ரீஅலைன்மென்ட், யுவர் ரோல் ஹேஸ் பீன் இம்பாக்டட்.’ அதற்கு முன்னால் ஒரு பத்தி முழுக்கக் கம்பெனி கடந்து வந்த பாதை. அதற்குப் பின்னால் ‘ட்ரான்சிஷன்’ காலத்தில் துணை நிற்போம் என்ற உறுதி. நாலாவது பத்தியின் நடுவில் ‘லாஸ்ட் ஒர்க்கிங் டே’ என்று ஒரு தேதி. அந்த வெள்ளிக்கிழமை. கடைசியில், ‘ஃப்யூச்சர் எண்டெவர்ஸ்’ எல்லாவற்றுக்கும் வாழ்த்து.

இரண்டு தடவை படித்தேன். முதல் தடவையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இரண்டாவது தடவை படித்தேன்.

“வேலை போயிடுச்சுப்பா” என்றேன்.

அவன் நம்பவில்லை. “அப்படி எங்கேக்கா போட்டிருக்கு?” என்று கேட்டான். விரல் வைத்துக் காட்ட என்னால் முடியவில்லை. அப்படி எங்கேயும் போட்டிருக்கவில்லை.

அந்த ஒரு வரியை எழுதச் சம்பளம் வாங்குகிறவர் உங்களில் ஒருவர். அவர் எழுதாமல் விட்டதை ராத்திரி ஒன்பது மணிக்கு, ஒரு குழந்தையின் முன்னால், நான் சொல்ல வேண்டியிருந்தது. என்னைப் போல் யாரும் இல்லாத தெருவில் அவன் வெள்ளிக்கிழமை வரை சந்தோஷமாக இருந்திருப்பான். திங்கட்கிழமை காலை கேட்டில் கார்டைத் தேய்த்துப் பார்த்து, பச்சை விளக்கு எரியாதபோது, செக்யூரிட்டி சொல்லித் தெரிந்துகொண்டிருப்பான். சொல்லாமல் விட்ட சொல்லை யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் இலக்கணப் பிழை பார்க்க வரவில்லை. நம் ஊர் இங்கிலீஷைக் கிண்டல் செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள். மீட்டிங்கை ‘ப்ரீபோன்’ செய்தாயிற்று என்றால் சிரிப்பார்கள். சார் ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்றால் சிரிப்பார்கள். பதில் கேட்டு ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்று எழுதினால், ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது என்று பாடம் எடுப்பார்கள். எனக்கு இதில் எதுவும் உறுத்தவில்லை. தள்ளிப் போடுவது போஸ்ட்போன், முன்னால் இழுப்பது ப்ரீபோன். கேட்ட மாத்திரத்தில் புரிகிறது, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. ஊரில் இல்லாதவரை ஸ்டேஷனில் இல்லை என்று சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? என்னை உறுத்துவது ஒரு பிழைகூட இல்லாத உங்கள் இங்கிலீஷ்தான்.

பழைய இங்கிலீஷுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’, அதாவது ஆக வேண்டியதைச் செய்யுங்கள் என்பதை நான் எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேனோ. வெள்ளைக்காரர் காலத்து அலுவலக வாசகம் அது. அவர்கள் நாட்டில் வழக்கொழிந்து போயிற்று, நம் ஃபைல்களில் தங்கிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேனேஜர் ஒரு கடிதத்தில் அந்த இடத்தைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். “நீட்ஃபுல்னு போட்டா அவன் என்னம்மா பண்ணுவான்? செக் அனுப்பணுமா, சரக்கு அனுப்பணுமா? அதை எழுது” என்றார். மூன்று கார்பன் வைத்து அடித்த தாள். முழுசாகத் திரும்ப அடித்தேன். அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகு முப்பது வருஷமும் அந்தச் சிவப்புச் சுழியை நினைத்துக்கொண்டுதான் டைப் அடித்தேன். உங்கள் மெயில்களைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பேனா என் கைக்கு வருகிறது. ‘ரீச் அவுட்’ என்றால் போன் செய்வதா, நேரில் வருவதா? ‘சர்க்கிள் பேக்’ என்றால் எந்தத் தேதியில்? ‘கோயிங் ஃபார்வர்ட்’ என்றால் இன்று முதலா, அடுத்த மாதம் முதலா?

ஆட்களை நீங்கள் ‘ரிசோர்ஸ்’ என்கிறீர்கள். ‘ரெண்டு ரிசோர்ஸ் வேணும்’, ‘மூணு ரிசோர்ஸ் பெஞ்ச்ல இருக்கு’ என்று. நிலக்கரியும் ஆற்று நீரும் ரிசோர்ஸ். ‘டவுன்சைசிங்’ என்பது 1970-களில் அமெரிக்காவில் பெரிய கார்களைச் சின்னதாக்கியபோது பரவிய சொல். காருக்கு அது பொருந்தும். கார் அளவில் குறைந்தது. ஆட்களைக் குறைக்கும்போது யாரும் சின்னதாவதில்லை, யாரோ வீட்டுக்குப் போகிறார்கள். அந்த ‘யாரோ’வை வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டால் எழுதும் கைக்குச் சுலபமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘யுவர் ரோல் ஹேஸ் பீன் இம்பாக்டட்’ என்பதில் யார் செய்தது என்றும் இல்லை, யாருக்குச் செய்தது என்றும் இல்லை. ஒரு ‘ரோலு’க்கு என்னவோ ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

ஒளிக்கும் சொல் ஒரு பக்கம் என்றால், அடிக்கும் சொல் இன்னொரு பக்கம். எங்கள் தெருமுனை வீட்டுப் பெண் ஒரு கால் சென்டரில் இருந்தாள். அப்பா தவறிவிட்டார் என்று தர்மபுரிப் பக்கம் சொந்த ஊருக்குப் போனாள். டீம் லீடருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டுத்தான் போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பியபோது வந்திருந்த மெயிலின் தலைப்பு ‘அப்ஸ்காண்டிங் ஃப்ரம் டியூட்டி’. அர்த்தம் கேட்டாள். அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு எத்தனை சுற்றி வளைத்தாலும் அதற்குத் தமிழ் ‘தலைமறைவு’தான். தினசரியில் குற்றவாளிக்குப் போடும் சொல். போலீஸ் தேடுகிறவருக்குப் போடும் சொல். “நான் என்ன ஆன்ட்டி திருடினேன்?” என்று கேட்டாள் அந்தப் பெண். நெற்றியில் பொட்டில்லாமல், அப்பாவின் போட்டோவுக்கு ஃபிரேம் போடக் கொடுத்துவிட்டு வந்து நின்றவள். ‘இத்தனை நாள் வேலைக்கு வரவில்லை’ என்று எழுதினால் உங்கள் விதி எதுவும் உடைந்துவிடாதே. ஆளை வேலையிலிருந்து எடுக்கும்போது பட்டுத்துணி போர்த்துகிறீர்கள், ஆள் வராமல் போனால் போலீஸ் ஸ்டேஷன் சொல்லை எடுக்கிறீர்கள். இந்தக் கணக்கு நியாயமில்லை.

மனசு நோகக்கூடாது என்று பதமாகச் சொல்கிறோம் என்பீர்கள். பதமாகச் சொல்வது எங்களுக்கும் தெரியும். செத்துப் போனார் என்று யார் வீட்டு வாசலிலும் நின்று சொல்ல மாட்டோம். தவறிட்டார், காலமானார், சாமிகிட்ட போயிட்டார் என்போம். ஆனால் அதைக் கேட்ட எவரும் ‘அப்போ ஆள் இருக்காரா?’ என்று திருப்பிக் கேட்டதில்லை. எழவு வீட்டுக்குப் போக மாலை வாங்கக் கிளம்பிவிடுவார்கள். சொல் மெத்தென்று இருந்தாலும் சேதி போய்ச் சேர்ந்துவிடுகிறது. உங்கள் சொல்லில் சேதி சேரவில்லை.

இது பெங்களூருக்கு மட்டும் வந்த நோய் இல்லை. 1944 மார்ச்சில், போர் நடந்துகொண்டிருந்த சமயத்தில், மாரி மேவரிக் என்ற அமெரிக்க அதிகாரி தம் அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சின்ன ஆலைகளைப் போர்க்கால உற்பத்திக்குக் கொண்டுவரும் ஒரு அரசு நிறுவனத்துக்குத் தலைவர் அவர். சுருக்கமாக, புரிகிற மாதிரி எழுதுங்கள், ‘ஆக்டிவேஷன்’, ‘இம்ப்ளிமென்டேஷன்’ என்றெல்லாம் எழுதுகிறவர்கள் சுடப்படுவார்கள் என்றார். அந்த மாதிரி எழுத்துக்கு அவர் வைத்த பெயர் ‘காபிள்டிகூக்’. டெக்சாஸ் வான்கோழி மார்பை நிமிர்த்திக்கொண்டு போடும் சத்தத்திலிருந்து அந்தச் சொல் தமக்குத் தோன்றியதாகப் பிறகு சொன்னார். அவர் உங்களைப் போல் நாற்காலியில் இருந்தவர். கிரிஸ்ஸி மாஹர் என் வாசலுக்கு வருகிறவர்களைப் போன்றவர். லிவர்பூல்காரர், பதின்வயதின் பாதி வரை எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்தவர். 1979-ல் லண்டன் நாடாளுமன்றத்துக்கு எதிரே, யாருக்கும் புரியாத அரசாங்க ஃபாரங்களை எல்லோரும் பார்க்கக் கிழித்துப் போட்டார். எளிய இங்கிலீஷுக்கான இயக்கத்தை அன்று தொடங்கினார். 2010-ல் அமெரிக்கா, அரசு அலுவலகங்கள் மக்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்று சட்டமே போட்டது. இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே புரியவில்லை என்றுதான் இத்தனையும் நடந்தது. எங்கள் தெருவுக்கு அது மூன்றாவது, நாலாவது பாஷை.

நம் நாட்டுச் சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பில் எடுப்பதானால், காரணம் குறிப்பிட்டு எழுத்தில் ஒரு மாத நோட்டீஸ், இல்லையென்றால் அந்த மாதச் சம்பளம், அதோடு முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம் என்று 1947-ன் தொழில் தகராறு சட்டம் சொன்னது. 2020-ல் நிறைவேறிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ‘ரீஅலைன்மென்ட்’, அதாவது மாற்றியமைப்பு, என்பது ஒரு காரணமா? வேலையிட விதிகளை இங்கிலீஷிலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்று 1946-லேயே நிலையாணைச் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். ஆலைச் சுவரில் ஒட்டும் தாளுக்கே அந்த அக்கறை இருந்தது. எதிர் வீட்டுத் தம்பிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், கன்னடம் சரளமாகப் படிப்பான். மெயிலின் கீழே கன்னடத்தில் நாலு வரி இருந்திருந்தால் அவன் என் வாசலுக்கே வந்திருக்க வேண்டாம்.

எப்படி எழுதச் சொல்கிறாய் என்று கேட்டால், இப்படி:

‘உங்களை வேலையிலிருந்து எடுக்கிறோம். கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை. இந்தக் கிளையில் ஆள் குறைக்கிறோம், அதுதான் காரணம். உங்கள் வேலையில் குறை எதுவும் இல்லை. உங்களுக்குச் சேர வேண்டிய தொகை இவ்வளவு, இந்தத் தேதியில் அக்கவுண்டில் விழும். சந்தேகம் இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். என் பெயர் இது, நம்பர் இது.’

இவ்வளவுதான். ‘உங்கள் வேலையில் குறை எதுவும் இல்லை’ என்ற வரி உண்மையாக இருந்தால் அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு ராத்திரி அவன் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது, “நான் என்னக்கா தப்பு பண்ணேன்?” என்பதைத்தான். அந்த மெயிலில் அதற்கும் பதில் இல்லை.

அவனுக்கு வந்த மெயிலில் ‘ஃபீல் ஃப்ரீ டு ரீச் அவுட்’ என்று இருந்தது. அனுப்பிய விலாசத்தைப் பார்த்தால் ‘நோ ரிப்ளை’. சம்பளச் சீட்டில் இருந்த வேறொரு விலாசத்தைத் தேடிப் பிடித்து, அவன் சொல்லச் சொல்ல நான் அடித்துக் கொடுத்தேன். ‘என் செட்டில்மென்ட் பணம் எந்தத் தேதியில் வரும்?’ ஒரே கேள்வி. மூன்று நாள் கழித்து வந்த பதில்: ‘யுவர் கன்சர்ன் ஹேஸ் பீன் நோட்டட். த சேம் வில் பி ப்ராசஸ்ட் இன் ட்யூ கோர்ஸ்.’ வேலையிலிருந்து எடுத்தால் ஊதியப் பாக்கியை 2 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பு. ‘ட்யூ கோர்ஸ்’, அதாவது உரிய காலத்தில், என்று அதில் எழுதியிருக்கவில்லை. பதிலின் கீழே ‘ஹெச்.ஆர். டீம்’ என்று இருந்தது, மனுஷர் பெயர் இல்லை.

அவன் இப்போது சிவாஜிநகரில் ஒரு கடையில் பார்சல் கட்டுகிறான். சாயங்காலம் வந்து, மெயில் ஏதாவது வந்திருக்கிறதா பாருங்கக்கா என்று போனைக் கொடுக்கிறான். ஒரு தேதி போட்டு, கீழே உங்கள் பெயரைப் போட்டு, அவனுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து,
ஓய்வுபெற்ற ஒரு டைப்பிஸ்ட்