தெர்னாத்தேயைக் கிராம்பு மரத்தடியில் தொடங்குங்கள்: சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். இந்தோனேசியா என்றதும் எங்களைப் பாலிக்கும் போரோபுதூருக்கும் அழைத்துச் செல்கிறீர்கள். அவை பார்க்க வேண்டிய இடங்களே. அவற்றோடு வடக்கு மலுக்குவிலுள்ள தெர்னாத்தே என்னும் தீவு நகரையும் சேர்க்குமாறு கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

பிரியாணிக்குத் தாளிக்கவும், பல்வலிக்குக் கடிக்கவும், வெற்றிலை மடிப்பில் குத்தவும் நாம் எடுக்கிற கிராம்பு, தெர்னாத்தே, திதோரே, மோத்தி, மக்கியான், பச்சான் ஆகிய சிறு தீவுகளில்தான் ஆதியில் விளைந்தது. அதைத் தேடி வந்தவர்கள் கட்டிய கோட்டைகளே இன்று அங்கே காணும் இடங்கள். ஆகவே, அருள்கூர்ந்து கோட்டைகளிலிருந்து தொடங்காதீர்கள். 1,715 மீட்டர் உயரமுள்ள கமலாமா எரிமலையின் சரிவில், 'செங்கே அஃபோ' என்று ஊரார் போற்றும் முதிய கிராம்பு மரங்கள் இருந்த தோட்டப் பகுதிக்கு முதலில் அழைத்துச் செல்லுங்கள். நாம் கிராம்பு என்று வாங்குவது விரியாத மொட்டு என்பதையும், பறித்த மொட்டுகள் வீட்டு வாசலிலும் சாலையோரத்திலும் பாயில் காய்ந்து பழுப்பாவதையும் பயணிகள் கண்ணால் காணட்டும்.

அதன் பிறகு கஸ்தெலாவின் இடிந்த சுவர்களுக்குப் போனால் அவை பேசும். போர்த்துகீசியர் 1522-இல் கட்டத் தொடங்கிய அக்கோட்டையில்தான், சமாதானம் பேச வந்த தெர்னாத்தே சுல்தான் கைருன் 1570-இல் கொல்லப்பட்டார். அவருடைய மகன் பாபுல்லா ஐந்தாண்டுகள் முற்றுகையிட்டு, 1575-இல் அவர்களை வெளியேற்றினார். நகரின் விமான நிலையம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. 1607-இல் டச்சுக்காரர் எழுப்பிய ஒரான்யே கோட்டையில் நிற்கும்போது சொல்ல வேண்டிய கதை இதைவிடக் கொடியது: கிராம்பு விளைச்சலை அம்போன் என்னும் வேறொரு தீவுப் பகுதிக்குள் அடக்கி, விலையைத் தம் கையில் வைத்துக்கொள்ள விரும்பிய அவர்கள், 1652-இல் சுல்தானுடன் உடன்படிக்கை செய்து, ஆண்டுதோறும் ஈட்டுத்தொகை கொடுத்து, கிராம்பு பிறந்த மண்ணிலேயே அதன் மரங்களை வெட்ட வைத்தார்கள். இதை அறியாமல் கோட்டைச் சுவரில் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது எனக்கு மனவருத்தம் தருகிறது.

தொலுக்கோ கோட்டை, சுல்தானின் கெடாத்தோன் அரண்மனை, அடுக்குக் கூரைப் பள்ளிவாசல், தொலிரே ஏரி ஆகியவற்றுக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இயற்கைத் தேர்வு பற்றிய தம் கட்டுரையை டார்வினுக்கு 1858-இல் இவ்வூரிலிருந்தே அனுப்பினார் என்பதையும் மாணவர் குழுக்களுக்குச் சொல்லுங்கள்.

மூன்று நாட்களாவது கொடுங்கள். கமலாமா இன்றும் உயிருள்ள எரிமலை என்பதால், மலையேற்றத்துக்கு முன் அன்றைய எச்சரிக்கை நிலையை விசாரித்தறிவது உங்கள் பொறுப்பு. வழிகாட்டியாக உள்ளூர்க்காரர் ஒருவரை அமர்த்தி, திரும்பும்போது எங்களைத் தோட்டக்காரர்களிடமே கிராம்பு வாங்க வையுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு பயணம் வர விரும்பும் ஒருவர்