எடையைப் போட்டு எழுது

புதூர், மதுரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. நாகமலை விவகாரம் பேசி முடித்தாகிவிட்டது, பெரியப்பா ஒருவழியாக இறங்கி வந்தார். மற்றதெல்லாம் தம்பி சொல்லியிருப்பான்.

அவன்தான் உன் வேன் சக்கர விஷயத்தையும் சொன்னான். பாண்டியன் போக்குவரத்தில் டயர் செக்‌ஷனிலேயே காலம் தள்ளியவன் நான் இருக்கும்போது, பேங்கில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் போய் அலாய் வீல் கேட்டிருக்கிறாய். எனக்கு வருத்தம்தான்.

போட்டோவைப் பார்த்தேன். பனிக்கு ஜெர்மனியில் ரோட்டில் உப்புப் போடுவார்கள் என்று சொன்னாயே, அந்த உப்பின் வேலைதான் இது. டயர் உட்காரும் விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குக் கிளம்பிவிட்டது. இனி எத்தனை தடவை காற்றடித்தாலும் நிற்காது. இந்த அளவுக்குப் போனால் மாற்றத்தான் வேண்டும்.

உன்னுடையது 1998 மாடல் ஃபோக்ஸ்வாகன் டி4 வேன். ஐந்து போல்ட்டு, அந்த ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 112 மில்லி. 2003-க்குப் பிறகு வந்த டி5-க்கு 120 மில்லி. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், உன் ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டுகிற குடத்தில், ஏறாது. ‘ஃபோக்ஸ்வாகன் வேன் வீல்தான், எடுத்துக்கோ’ என்று எவன் சொன்னாலும் நீயே அளந்து பார். ஐந்து ஓட்டை என்பதால் எதிரும் புதிருமாக ஓட்டை அமையாது, குறுக்கே அளக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் நடுவுக்கு நடு வெர்னியர் வைத்துப் பார். 65.8 மில்லி வந்தால் 112 வட்டம். 70.5 வந்தால் 120, வைத்துவிட்டு வந்துவிடு. எட்டாம் வகுப்பு லீவில் என்னோடு டெப்போவுக்கு வந்து வெர்னியர் பிடிக்கக் கற்றவள் நீ. அப்ரண்டிஸ் பையன்களை வையும்போது உன்னைக் காட்டித்தான் வைவேன்.

ஆடி, பென்ஸ் கார்களிலும் 112 வட்டம் உண்டு. அதனால் அந்த வீல்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் பென்ஸ் வீலின் நடு ஓட்டை 66.6 மில்லி, உன் ஹப் 57.1. சரியான வளையம் போட்டு இடைவெளியை அடைக்காவிட்டால் சென்டர் பிடிக்காது, வேகமெடுத்தால் ஸ்டியரிங் உதறும். போல்ட்டு உட்காரும் குழியையும் பார். சிலதில் உருண்டை, சிலதில் கூம்பு. மாற்றிப் போட்டால் இறுகின மாதிரி இருக்கும், ஓட ஓடத் தளரும். வீலின் உள்பக்கம் ‘ஈடி’ என்று ஓர் எண் பொறித்திருக்கும். அது பழைய வீலில் உள்ளதைவிட ரொம்பக் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், மட்கார்டில் உரசும், பேரிங்குக்கும் சுமை கூடும்.

இதெல்லாம் நீ பார்த்துக்கொள்வாய். எனக்குக் கவலை எடைதான் தாயி.

கார் வீல் கார் எடைக்குச் செய்தது. உன் வண்டிப் பத்திரத்தில் பின் அச்சுக்கு எத்தனை கிலோ என்று போட்டிருக்கும். 1,500 என்றால் ஒரு சக்கரம் 750 கிலோ தாங்க வேண்டும். வீலின் உள்பக்கம் பொறித்திருக்கிற எண் அதற்குக் குறைந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். டயரிலும் அப்படியே: சுமை எண் 95 என்று இருந்தால் 690 கிலோ, 101 என்றால் 825. இரும்பு வீல், நாங்கள் டிஸ்க் என்போமே, அது பாரம் தாங்காவிட்டால் பெரும்பாலும் வளைந்து காட்டிக்கொடுக்கும். அலாய் அந்த அளவுக்கு வளையாது, விரிசல் விடும்.

பழைய வீல் வாங்கினால் போல்ட்டு ஓட்டையைச் சுற்றி உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவு. கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பூசு. விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, பொடியில் மயிரிழை மாதிரி ஒரு கோடு நனையும். பஸ் டிஸ்க்குக்கு நாங்கள் இப்படித்தான் பார்ப்போம். ஒரு வெள்ளிக்கிழமை ராமேஸ்வரம் வண்டியில் அப்படி ஒரு கோடு கண்டு, வண்டியையே நிறுத்திவிட்டேன். அன்றைக்குத் திட்டியவர்கள் மறுநாள் டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பேசவில்லை.

அதனால் எடையைச் சொல். தம்பி காட்டிய போட்டோவில் சக்கரத்துக்கு மேலே கதவு திறந்திருந்தது. உள்ளே உன் பனிக்காலக் கோட்டு, ஃபைல் கட்டு, சீராகக் கொடுத்த இட்லிக் கொப்பரை. சனி ஞாயிறு ஊர் சுற்றப் போகிறவள் இதையெல்லாமா ஏற்றுவாள் என்று அம்மா கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. உன்னையும் கேட்கவில்லை. ஆனால் சாமான் கூடினால் பின் அச்சுக்குத்தான் பாரம். தண்ணீர் டாங்கி 50 லிட்டர் என்றால் அதுவே 50 கிலோ. மாப்பிள்ளையின் டூல் பாக்ஸும் வண்டியில்தான் இருக்கிறதா? அதையும் கணக்கில் சேர். தீபாவளிக்கு அவர் பேசவில்லை, வேலையாக இருந்திருப்பார்.

அங்கே அதிகாரம் பெற்ற வீல் என்றால் கே.பி.ஏ. நம்பர், அதாவது அங்கத்திய மோட்டார் வாகனத் துறை கொடுக்கிற நம்பர், பொறித்திருக்குமாமே. அந்த நம்பருக்கான தாள் உன் வண்டி மாடலுக்குச் செல்லுமா என்று வாசித்துவிட்டு வாங்கு. நாலும் ஒரே செட்டாக வாங்கு. ஸ்டெப்னி இரும்பு டிஸ்க்காக இருந்தால் பழைய போல்ட்டுகளைத் தூக்கிப் போடாதே, ஒரு பையில் போட்டு ஸ்டெப்னியோடு கட்டி வை. மாட்டியபின் 50 கிலோமீட்டர், நம் விருதுநகர் தூரம், ஓட்டிவிட்டு டார்க் ரெஞ்ச் வைத்து போல்ட்டு இறுக்கத்தை மறுபடி பார். பணத்துக்காக மட்டமானதை எடுக்காதே, தம்பி மூலம் போட்டுவிடுகிறேன். கடன் இல்லை, திருப்பி அனுப்பாதே.

மாடி போர்ஷனை யாருக்கும் விடவில்லை. ரெண்டு மூணு பேர் கேட்டார்கள், இல்லை என்று சொல்லிவிட்டேன். பைப் எல்லாம் மாற்றியாகிவிட்டது. சித்திரைத் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். முன்னாடியே வந்தாலும் சரிதான், அதிக நாள் இருந்தாலும் சரிதான். லீவு எத்தனை நாள் என்று இந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். அம்மாவிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

வண்டியை எடை மேடையில் ஏற்று. டாங்கி நிறைய தண்ணீர், உன் சாமான் அத்தனையும், நீயும் உள்ளே இருக்க வேண்டும். முன் அச்சு தனியாக, பின் அச்சு தனியாகப் போட்டு எழுது. தம்பிக்கு இல்லை, எனக்கு எழுது. அதைப் பார்த்துவிட்டு எந்த வீல் என்று நான் சொல்கிறேன். அதுவரை அந்த இடது பின்சக்கரத்தோடு நெடுஞ்சாலையில் ஏறாதே.

அன்புடன்,
அப்பா