ஞாயிறு படகுப் பயணம்: ஓட்டுபவர்கள் கட்டாயம் படிக்கவும்

அனைவருக்கும் வணக்கம். 15.3.2026 ஞாயிறு காலை 8 மணிக்கு சிட்னி ரோஸ் பே, லைன் பூங்கா படகுத் துறையில் கூடுகிறோம். பாய்மரப் படகும் மோட்டார் படகும் சேர்ந்து போவதால், யார் யாருக்கு வழிவிடுவது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்வோம்.

1. பொதுவாக மோட்டார் படகுதான் பாய்மரப் படகுக்கு வழிவிட வேண்டும். கடைசி நொடியில் அல்ல. எதிரே வருபவருக்குப் புரியும்படி முன்கூட்டியே நன்றாகத் திரும்புங்கள். பக்கத்தில் போகும்போது வேகத்தையும் குறையுங்கள்.

2. பாய்மரக்காரர்களே, இன்ஜினைப் போட்டுவிட்டால் பாய் விரிந்திருந்தாலும் நீங்களும் மோட்டார் படகுதான். முந்திப் போனாலும் வழிவிடும் பொறுப்பு உங்களுடையதே.

3. ஆரஞ்சு நிற வைர வடிவக் குறி வைத்த ஃபெர்ரி வந்தால் பாய்மரமும் ஒதுங்க வேண்டும். "நமக்குத்தானே முன்னுரிமை" என்ற வாதம் அங்கே எடுபடாது.

4. இரு மோட்டார் படகுகள் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்பக்கம் திரும்பவும்.

5. ஐந்து முறை சுருக்கமாக ஹாரன் கேட்டால், 'உங்கள் போக்கு புரியவில்லை' என்று பொருள். திட்டுகிறார் என்று நினைத்துப் பதிலுக்கு அடிக்காதீர்கள்!

அப்புறம், ஓட்டுபவர் பெயர், உடன் வருவோர் எண்ணிக்கை, கைவசமுள்ள லைஃப் ஜாக்கெட்டுகள் ஆகியவற்றை வெள்ளி இரவு 9 மணிக்குள் இங்கேயே பதிவிடவும். குழந்தைகளின் அளவைத் தனியாகச் சொல்லவும்.