பழைய இரும்பு என்று எழுதப்பட்ட என் காற்று மிஷினைத் திருப்பித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
பட்டறைக் குறளி,
பழைய கரும்பாலைப் புகைபோக்கியின் அடி,
பாம்ப்லெமூஸ் மாவட்டம், மொரீஷியஸ்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட அதிகாரி அவர்கள்.

நாள்: அக்டோபர் 2024

பொருள்: புகைபோக்கியிலிருந்து இறக்கி எடுத்துச் செல்லப்பட்ட காற்று மிஷினைத் திருப்பித் தரவும், அதே இடத்தில் பட்டறை நடத்த அனுமதி வழங்கவும் வேண்டுதல்.

ஐயா,

வணக்கம். நான் ஒரு குறளி. ஊரில் குட்டிச்சாத்தான் என்பார்கள், இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் இன்னும் மோசமான பெயர்களும் உண்டு. உயரம் ஒன்றரை முழம், காதையும் சேர்த்து. தொழில் இரும்புப் பட்டறை. ஓய்வு நேரத்தில் புதிதாக எதையாவது செய்து பார்ப்பேன். அப்படிச் செய்ததுதான் காற்றால் மின்சாரம் எடுக்கும் மிஷின், அதைப் பற்றித்தான் இந்த மனு.

இதை நேரில் சொல்லவே மூன்று முறை ஓர் அலுவலகத்துக்குப் போனேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். என் எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து போய் நின்றேன். கவுன்டருக்கு மேலே என் தலை தெரியவில்லை. அந்த அம்மா இரண்டு தடவை எண்ணைச் சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். "அம்மா, கீழே பாருங்கள்" என்றேன். பார்த்தார். அப்புறம் அன்றைக்குக் கவுன்டர் திறக்கவே இல்லை. அவர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன், யாருக்கும் திடுக்கிடத்தான் செய்யும். அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

நாங்கள் இந்தத் தீவுக்கு நேற்று வந்தவர்கள் அல்ல. 1735இல் லா பூர்தோனே இங்கே கவர்னராக வந்தார். போர்ட் லூயியில் துறைமுகமும் ஊரும் எழுப்பப் புதுச்சேரிப் பக்கமிருந்து தமிழ்க் கொத்தர்களையும் தச்சர்களையும் கொல்லர்களையும் வரவழைத்தார். அப்படி வந்த ஒரு கல்தச்சரின் உளிப்பெட்டிக்குள் சுருண்டு படுத்து வந்தவர் என் தாத்தா. கரும்புக்கு ஆள் கொண்டுவர ஆரம்பித்தது அதற்கு நூறு வருஷம் கழித்துத்தான். நான் பிறந்தது இங்கே. வயதைக் கேட்காதீர்கள், பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஆனால் ஆலை ஓடிய காலமெல்லாம் ஆவி இன்ஜினுக்கு எண்ணெய் விட்டவன் நான்தான். மனிதக் கை நுழையாத இடத்தில் என் கை நுழையும்.

இரும்பைக் கண்டால் எங்கள் இனம் ஓடிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. பக்கத்து வீட்டுப் பாட்டி கூடத் தலையணைக்கு அடியில் கத்தி வைத்துத்தான் தூங்குகிறார். அந்தக் கத்திக்கு வருஷா வருஷம் சாணை பிடித்துக் கொடுப்பது நான். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

சரி, மிஷினுக்கு வருகிறேன். எண்ணெய் வரும் இருநூறு லிட்டர் ட்ரம் ஒன்றை நெடுக்காக இரண்டாக வெட்டி, பாதிகளை எதிரெதிராகக் கொஞ்சம் தள்ளி, ஒரே தண்டில் நிற்கவைத்துப் பற்றவைத்தேன். மேலேயிருந்து பார்த்தால் பாம்பு நெளிந்த மாதிரி இருக்கும். பழைய கரும்பு லாரியின் பேரிங் இரண்டு, தையல் மிஷின் பெல்ட், சுற்றினால் மின்சாரம் தரும் கார் ஆல்டர்னேட்டர், ஒரு பாட்டரி. காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் அது சுற்றும், விசிறி மாதிரி முகம் திருப்ப வேண்டியதில்லை. ஒரு சூறாவளி கடந்து போகும்போது காற்று திசை மாறிக்கொண்டே இருக்கும் அல்லவா, அதனால்தான் இந்த வடிவம். இப்படி அரை ட்ரம் சுற்றுவது என் கண்டுபிடிப்பு இல்லை. பின்லாந்துக்காரர் சவோனியஸ் நூறு வருஷத்துக்கு முன்பே செய்தது.

என்னுடையது அதை நிறுத்துகிற வித்தை. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் இந்த மிஷின் நாற்பது ஐம்பது வாட் தரும், சில எல்இடி பல்புகளுக்கு அது தாராளம். ஆனால் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் பலம் எட்டு மடங்காகும். 120 கிலோமீட்டரில் கணக்குப் போட்டால் 37 மடங்கு. கட்டுப்பாடு இல்லாவிட்டால் ட்ரம் பிய்த்துக்கொண்டு யார் வீட்டுக் கூரையிலாவது போய் விழும். இதற்குத்தான் ஆவி இன்ஜினின் கவர்னரை எடுத்து மாட்டினேன். பெயரைக் கேட்டு யாரும் எழுந்து நிற்க வேண்டாம். இந்தக் கவர்னர் விளாம்பழம் அளவில் இரண்டு இரும்புக் குண்டு, அவ்வளவுதான். தண்டு வேகமாகச் சுற்றினால் குண்டுகள் அகன்று மேலே எழும். எழும்போது ஒரு வளையத்தை இழுக்கும், வளையம் நெம்புகோலை இழுக்கும், நெம்புகோல் பிரேக் கட்டையைத் தண்டோடு அழுத்தும். வேகம் குறைந்தால் குண்டுகள் தானாக இறங்கிவிடும். யாரும் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. கட்டையின் அழுத்தத்தைச் சரிசெய்ய எனக்கு நான்கு சூறாவளிக் காலம் பிடித்தது. முதலில் மரக்கட்டை போட்டேன், புகைந்தது. பிறகு லாரி பிரேக்கின் லைனிங்கை வெட்டி ஒட்டினேன்.

இந்த வருஷம் ஜனவரி 15 அன்று பெலால் சூறாவளி அடித்தது. போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துப் போனதைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கம் கரண்ட் போய்விட்டது. கூரை பயந்த சில குடும்பங்கள் கோயில் மண்டபத்தில் ஒதுங்கியிருந்தன. புகைபோக்கியிலிருந்து மண்டபத்துக்கு முந்தைய வருஷமே ஒயர் இழுத்து வைத்திருந்தேன், ஒருவருக்கும் சொல்லவில்லை. மாலையில் பல்புகள் எரிந்தன. போன் சார்ஜ் போட வரிசை நின்றது. பாட்டிக்கு மட்டும் தெரியும். மேலே ஹூம் என்று சத்தம் கேட்டதும் "எண்ணெய் விட்டிருக்கிறான்" என்றாராம். இரவு முழுக்கக் குண்டுகள் ஏறி இறங்குவதைக் புகைபோக்கிக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு முறைகூட ட்ரம் எல்லை மீறவில்லை.

அடுத்த வாரம் துப்புரவுக்கு ஆள் வந்தது. ராத்திரியில் புகைபோக்கி முனகுகிறது என்று யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். அது உண்மைதான், மேல் பேரிங்கில் கிரீஸ் குறைந்தால் முனகும். நான் உள்ளே இருக்கும்போதே ஏணி போட்டு ஏறி, கயிறு கட்டி இறக்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கல்லின் மேல் ஒரு ரசீது இருந்தது: "பழைய இரும்பு, 94 கிலோ." ஐயா, அந்த 94 கிலோவில் நான்கு வருஷ வேலையும் இருக்கிறது. வேலையை எடை போட வேண்டாம், ஆனால் பெயரையாவது சரியாக எழுதியிருக்கலாம். இப்போது அது ஒரு கிடங்கு முற்றத்தில் பலா மரத்தடியில் கிடக்கிறது. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். மேலே இலை விழுந்து, குண்டுகளில் துரு ஏறத் தொடங்கிவிட்டது.

புகார் கொடுத்தவருடைய பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1994 பிப்ரவரியில் ஹொலாண்டா சூறாவளி அடித்து ஊரே இருண்டு கிடந்தபோது 'தூனி மின்வி' என்று ஒரு புரளி கிளம்பியது. நடுராத்திரியில் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு அம்மணமாகச் சுற்றுகிறான், சாவித் துவாரம் வழியாகவும் நுழைவான் என்றார்கள். பெரியவர்கள் கம்பும் கையுமாகத் தெருவில் காவல் நின்றார்கள். அது நானில்லை. எண்ணெய் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன், பேரிங் மாற்றுகிறவன் மேல் எண்ணெய் இல்லாமல் சந்தனமா இருக்கும்? ஆனால் கோவணம் எப்போதும் உண்டு. பீட்டர் போத் மலையுச்சியில் தேவதைகளின் ரகசியத்தை வெளியே சொல்லிக் கல்லாகிப் போன பால்காரனின் கதையையும் சிலர் எங்கள் கணக்கில் எழுதுகிறார்கள். அது தேவதைகள் செய்தது. எங்களுக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

நான் கேட்பது பெரிதில்லை. ட்ரம்மை வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும், அதை ஒரு வாரத்தில் மறுபடி செய்துவிடுவேன். கவர்னர் மட்டும் இனிமேல் கிடைக்காது. இந்தத் தீவில் ஒரு காலத்தில் 250க்கும் மேற்பட்ட ஆலைகள் ஓடின, இன்று மூன்றுதான். போ பிளான் ஆலை மியூசியம் ஆகிவிட்டது. மற்றவற்றின் இன்ஜின்களைப் பழைய இரும்புக் கடைக்காரர்கள் எப்போதோ உடைத்து எடுத்துப் போய்விட்டார்கள். இந்தக் குண்டுகளுக்கு என்னிடம் ரசீது கிடையாது, ஆலை மூடிய இரவில் நான் ஒளித்து வைத்தவை. அது திருட்டு என்று தாங்கள் கருதினால் அவற்றை அரசின் சொத்தாகவே எழுதிக்கொண்டு எனக்கு இரவல் கொடுங்கள், எண்ணெய் விட்டு வைத்திருப்பேன்.

புகைபோக்கி பழைய கட்டடம், அதில் கை வைக்கக் கூடாது என்பார்கள். உண்மையில் அது இன்னும் நிற்பதே கை வைத்ததால்தான். கல் இடுக்கில் காரை உதிர்ந்த இடமெல்லாம் தாத்தா சொல்லிக்கொடுத்த முறைப்படி பூசி வருகிறேன். ஊரில் சுண்ணாம்போடு வெல்லத் தண்ணீரும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்ப்பார்கள். இங்கே கடுக்காய்க்கு எங்கே போவது, சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகான மொலாசஸ் ஊற்றிக் குழைக்கிறேன், நன்றாகவே பிடிக்கிறது. தங்கள் பொறியாளர் யாரையாவது அனுப்பிச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நவம்பரில் சூறாவளிக் காலம் தொடங்கிவிடும். அதற்குள் மிஷின் கையில் வந்தால் துருவைத் தேய்த்து, பேரிங் மாற்றி ஏற்ற எனக்குப் பத்து நாள் போதும். சாதாரண இரவுகளில் பிரேக்கைப் போட்டு நிறுத்தி வைக்கிறேன், முனகல் கேட்காது. புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் அவிழ்ப்பேன். வரைபடம் இணைத்திருக்கிறேன். கரியால் போட்டது, கை பட்டால் அழியும்.

மனுவைத் தமிழில் எழுதியதற்கு மன்னிக்கவும். பேச்சுக்குக் கிரியோல் வரும், எழுதவும் கணக்குப் போடவும் தமிழ்தான். நம் ரூபாய் நோட்டிலும் தமிழ் இருக்கிறது என்ற தைரியத்தில் எழுதிவிட்டேன். கட்டணமாக ஓர் இருபத்தைந்து ரூபாய் நோட்டு உள்ளே இருக்கிறது. கட்டணம் இல்லை என்றால் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள், லஞ்சம் கொடுத்தான் என்று இன்னொரு கதை கிளம்ப வேண்டாம்.

பதிலைப் புகைபோக்கியின் கிழக்குப் பக்கம், ஆடுகிற கல்லுக்கு அடியில் வைக்கச் சொன்னால் போதும். தபால்காரர் அவ்வளவு தூரம் வரத் தயங்கினால் பாட்டி வீட்டில் கொடுக்கலாம். கத்தியை மறைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
பட்டறைக் குறளி
(இடது கைப் பெருவிரல் ரேகை, கிரீஸுடன்)

இணைப்பு: மிஷின் வரைபடம் 1, "பழைய இரும்பு" ரசீது 1, பிரேக் லைனிங் துண்டு 1.