டென்னன்ட் கிரீக்கில் வீட்டை யார் வரைய வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் பூர்வகுடி மக்கள் படும் வீட்டு நெருக்கடி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதைப் பற்றி எழுதுபவர்கள் மிகக் குறைவு, எடுத்து எழுதியதற்கு நன்றி. ஆனால் ‘அரசு கட்டிக் கொடுக்கிறது, அவர்கள் உடைத்து வைக்கிறார்கள்’ என்ற தொனி கட்டுரையில் இரண்டு இடங்களில் தெரிகிறது. வட பிரதேசத் தலைநகர் டார்வினில் வசிக்கும் நான் இந்தப் பேச்சை இங்கேயும் அடிக்கடி கேட்கிறேன். அது உண்மையல்ல என்பதால்தான் எழுதுகிறேன்.

கட்டிடக் கலைஞர் பால் ஃபொலேரோஸும் அவருடைய குழுவும் 1980களிலிருந்து பூர்வகுடி வீடுகளில் குழாய், மின்கம்பி, கழிவறை என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, அன்றைக்கே பழுது பார்க்கவும் தொடங்கினார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்க்காரர்கள். ஆயிரக்கணக்கான வீடுகளைப் பார்த்த பிறகு அவர்கள் சொன்ன கணக்கு இது: பழுதுகளில் சுமார் 70 சதவீதம் பராமரிப்பு இல்லாததால் வந்தவை, 21 சதவீதம் கட்டும்போதே நேர்ந்த கோளாறுகள், குடியிருப்பவர்களின் முறையற்ற பயன்பாட்டால் வந்தவை 9 சதவீதம்தான். கட்டுரை இந்த ஒன்பதைப் பார்த்துவிட்டு மீதியை விட்டுவிட்டது.

சரி, பராமரித்தால் மட்டும் போதுமா? போதாது. டென்னன்ட் கிரீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடக்கே 500 கிலோமீட்டர் தள்ளி, வருமுங்கு என்னும் பூர்வகுடி மக்களின் மண்ணில் இருக்கும் சிறு நகரம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். அங்கே சிமென்ட் கல்லில், நிழலோ காற்றோட்டமோ இல்லாமல் கட்டிய வீடுகளில் ஏசி இல்லாமல் பகலில் இருக்க முடியாது. ஏசி போட்டால் ப்ரீபெய்டு மீட்டரில் காசு கரைகிறது. தீர்ந்தால் மின்சாரம் தானாக நின்றுவிடும். வட பிரதேசத்தில் 28 ஊர்களில் சுமார் 3,300 வீடுகளை வைத்துச் செய்த ஆய்வில், 2018-19இல் 91 சதவீத வீடுகளில் ஒருமுறையாவது மின்சாரம் நின்றிருக்கிறது. 74 சதவீத வீடுகளில் பத்து முறைக்கும் மேல். வெயில் ஏற ஏறத் துண்டிப்பும் கூடியது. ஃபிரிட்ஜில் இன்சுலின் வைத்திருப்பவர் என்ன செய்வார்?

வெயிலுக்கே ஒவ்வாத வீடு, உறவு முறைகளுக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்? வருமுங்கு வழக்கத்தில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பார்ப்பதில்லை, பேசுவதில்லை. ஒரே நடை, ஒரே குளியலறை உள்ள மூன்று படுக்கையறை வீட்டில் அந்த மரியாதையை எப்படிக் காப்பது? ஒரு சாவு விழுந்தால் அந்த வீட்டை விட்டுக் குடும்பம் கொஞ்ச காலம் வெளியேறும். தூரத்து உறவினர்கள் வந்து தங்குவார்கள். சமையல், தூக்கம், பேச்சு எல்லாமே பாதி நேரம் வாசலில்தான். மெல்பர்ன் புறநகர்க் குடும்பத்தை மனதில் வைத்து வரைந்த வீட்டில் இதற்கெல்லாம் இடமில்லை. கடைசியில் நெரிசலுக்கும் பழி அவர்கள் மேலேயே விழுகிறது.

இதைத்தான் வருமுங்கு மூத்தவர் நார்மன் ஃபிராங்க் ஜுப்புருலாவும் மருத்துவர் சைமன் குவில்டியும் சேர்ந்து தொடங்கிய ‘வில்யா ஜந்தா’ அமைப்பு மாற்றப் பார்க்கிறது. குடியிருக்கப்போகும் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி வீட்டை வரைவது அவர்களுடைய வழி. ஒரு மருத்துவர் மருந்துச் சீட்டோடு நிற்காமல் வீட்டுத் திட்டம் வரை வந்திருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கட்டுரையில் இவர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

ஒரு வீட்டோடு முடிகிற விஷயமும் இல்லை இது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸைச் சுற்றியுள்ள டவுன் கேம்ப் (நகரை ஒட்டிய பூர்வகுடிக் குடியிருப்பு) மக்கள் 1970களிலேயே தங்கள் குடியிருப்புச் சங்கங்களைச் சேர்த்து டாங்கன்டயர் கவுன்சிலை உருவாக்கினார்கள். ஒவ்வொரு கேம்பிலும் மொழியாலும் உறவாலும் நெருங்கிய குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்தன. தங்களுக்கென்று ஒரு கட்டிட வடிவமைப்பு அலுவலகமே வைத்திருந்தார்கள். 2007இல் வட பிரதேசப் பூர்வகுடி ஊர்களின் நிர்வாகத்தில் மத்திய அரசு நேரடியாகத் தலையிட்டது. 2009இல் அந்த நிலங்கள் 40 வருடக் குத்தகையில் அரசிடம் போயின, வீட்டு நிர்வாகமும் கை மாறியது. உள்ளூர் ஆட்கள் பல வருடங்களில் கற்றுக்கொண்டதை அப்படி ஓரங்கட்டியது பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

இப்போது மறுபடி பணம் வருகிறது. 2024 மார்ச்சில் மத்திய அரசும் வட பிரதேச அரசும் சேர்ந்து பத்து வருடங்களில் 400 கோடி டாலர், 2,700 வீடுகள் வரை என்று அறிவித்தன. கட்டுரை இந்தத் தொகையைச் சொல்லி நம்பிக்கையோடு முடிகிறது. அந்த நம்பிக்கை எனக்கும் உண்டு. ஆனால் அத்தனை வீடுகளும் பழைய அச்சிலேயே வந்தால் அடுத்த முப்பது வருடமும் இதே வெயில், இதே மீட்டர்தான். வரைவதற்கு முன்பே குடும்பங்களிடம் கேட்க வேண்டும். எந்த வீடு எங்கே, யாருக்குப் பக்கத்தில் யார் என்பதை அந்தந்த ஊர் தீர்மானிக்க வேண்டும். பழுது பார்க்கும் வேலையும் அதற்கான பணமும் உள்ளூர் அமைப்புகளிடம் போக வேண்டும்.

அடுத்த முறை உங்கள் நிருபர் இதை எழுதும்போது, அதிகாரிகளிடம் கேட்கும் முன் டவுன் கேம்பில் குடியிருப்பவர்களிடம் பேசச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
டார்வின்