மேலண்டை வீட்டு டைகர்

மன்னார்குடி பக்கம்,
மார்கழி 20

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். உன் கடிதம் கார்த்திகைத் தீபத்துக்கு முதல் நாளே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாளானதற்கு மழை பாதிக் காரணம், மேலண்டை வீட்டு நாய் மீதிக் காரணம்.

மழையை முதலில் முடித்துவிடுகிறேன். ஐப்பசிக் கடைசியில் பெய்த பெய்யில் வாய்க்கால் ஓரத்து மூன்று மா வயலிலும் எட்டு நாள் தண்ணீர் நின்றது. போட்டிருந்தது சி.ஆர். 1009 சப்-1 நெல். இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தாங்குகிற ரகம், அதனால் பிழைத்தது. இப்போது கதிர் முற்றி நிற்கிறது. தை பிறந்து பத்து நாளில் அறுப்பு. அவ்வளவுதான் வயல் செய்தி.

இனி நாய். அதற்குச் சொந்தக்காரரை உனக்குத் தெரியும். என் பெண் கல்யாணத்தில் பந்தி விசாரித்தாரே, நெட்டையாக, அவர்தான். நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த அவர் மகன் ஒரு கறுப்பு லாப்ரடார் குட்டியை வாங்கி வந்து, ஆறு வாரம் கொஞ்சிவிட்டு, அப்பா கையில் கொடுத்துவிட்டு பிளேன் ஏறிவிட்டான். குட்டி இப்போது கன்றுக்குட்டி உயரம். பெயர் டைகர். அண்ணனுக்கு முழங்கால் வலி, நாயைப் பிடித்துக்கொண்டு நடக்க முடியாது. அதனால் விடியற்காலை நாலரைக்கு அவிழ்த்து விட்டுவிடுவார். அது நேரே எங்கள் வாசலுக்கு வரும், காரியத்தை முடிக்கும், திரும்பிப் போய்த் தன் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்ளும். ஆவணியிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. ஆபீஸ் போன காலத்தில் நான்கூட இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

தினமும் நான்தான் அள்ளினேன். பழைய மண்வெட்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். உன் கடிதம் வருகிறவரை அள்ளியதைக் குப்பைக்குழியில்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த எருதான் கீரைப் பாத்திக்குப் போகிறது என்று நீ எழுதிய வரியைப் படித்ததும் வீட்டில் அவள் அன்றைக்குக் கீரை பறிக்கவில்லை. நாய் அசிங்கத்தில் இருக்கிற உருளைப்புழு முட்டை தொற்றுகிற பக்குவத்துக்கு வர இரண்டு வாரமாவது ஆகும், ஆனால் கொக்கிப்புழு ஈர மண்ணில் ஒரு வாரத்திலேயே வெறுங்காலைத் துளைக்கத் தயாராகிவிடும், அதனால் அன்றன்றைக்கே அள்ளு என்று எழுதியிருந்தாய். கால்நடை ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் இருந்தவன் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்? அதற்கப்புறம் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம், தென்னைக்கு அப்பால், முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைத்தேன். பேரன் பொங்கலுக்கு வருகிறான். அவனுக்குச் செருப்புப் போடவே தெரியாது.

மற்ற மாதமென்றால் பரவாயில்லை. மார்கழியில்தான் வினை. அவள் நாலே முக்காலுக்குச் சாணி கரைத்த வாளியோடு வாசலுக்குப் போவாள். முதல் நாளே இருட்டில் காலை வைத்துவிட்டாள். அன்றைக்குக் காலையில் திருப்பாவைக்குப் பதிலாக வேறு பாட்டுத்தான் கேட்டேன். (எனக்கு ஒரு யோசனை ஓடியது, அவளிடம் சொல்லவில்லை. ஒரே வாசலில் மாட்டுச் சாணியைக் கரைத்துத் தெளிக்கிறோம், உருண்டை பிடித்துப் பூசணிப்பூ செருகுகிறோம். அதற்கு அரை அடி தள்ளி நாய் போட்டதற்கு இத்தனை வசவு. மாடு வைக்கோல் தின்கிறது, நாய் மீனும் கறியும் தின்கிறது, வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது என்று நீ சொல்வாய்.) அதைவிடப் பெரிய குற்றம் துளசி மாடம். டைகர் தினம் அதன் மேல் காலைத் தூக்க, ஒரு பக்கத்துச் செடி கருகிவிட்டது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. சொட்டு நீலம் கலந்த தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி வாசலில் கட்டினால் நாய் வராது என்றார்கள். ஊரில் பாதி வீட்டுக் கேட்டில் தொங்குகிறதே என்று நானும் மூன்று பாட்டில் கட்டினேன். நாலாம் நாள் டைகர் நடுப் பாட்டிலுக்கும் அபிஷேகம் செய்துவிட்டுப் போனது. அந்துருண்டை போடலாமா என்று உன்னைக் கேட்டேன், தின்றால் செத்துப்போகும் என்று தடுத்துவிட்டாய். நல்லதாயிற்று. வெறும் தண்ணீர் ஊற்றினால் வாடை போகாது, வாடை இருக்கிற வரை அதே இடத்துக்குத்தான் வரும் என்றாய். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். ஓர் அடி தள்ளிப் போனது.

ஒரு நாள் டீக்கடையில் புலம்பினேன். அதுதான் நான் செய்த தப்பு. ஒருத்தர் டம்ளரைக் கீழே வைக்காமலே, "வயலுக்குப் போடற குருணை மருந்து கொஞ்சம் கறியில வச்சுப் போடுங்க சார், சத்தமே இருக்காது" என்றார். மழை வருமா என்று கேட்கிற குரல்! யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிராணியை விஷம் வைத்துக் கொன்றால் புதிய குற்றச் சட்டத்தில் பிரிவு 325, ஐந்து வருஷம் வரை உள்ளே போகலாம் என்று நான் சொன்னபோது என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. நான் போடாவிட்டாலும் வேறு யாராவது போட்டு டைகர் செத்துக் கிடந்தால் அண்ணன் முதலில் யாரை நினைப்பார்? ஊரெல்லாம் புலம்பியவன் நான்தானே?

அவரிடமே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நாலு மாதம் வாய் வரவில்லை, அதுதான் உண்மை. 2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்த விடியற்காலையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த கிளுவை வேலி மொத்தமும் சாய்ந்த தென்னைகளுக்கு அடியில் போயிற்று. பதினெட்டு நாள் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. அவர் வீட்டு அடிபம்புத் தண்ணீரில்தான் சமைத்தோம், குளித்தோம். தினமும் அந்த வழியாகப் போய்வந்ததில் வேலியை மறுபடி வைக்கிற பேச்சே எழவில்லை. மோர், கறிவேப்பிலை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான் நடந்தது. இப்போது நாயும் அதே வழியாகத்தான் வருகிறது. அதைமட்டும் நிறுத்து என்று எப்படிச் சொல்வது? அள்ளிப் போடுவது சுலபமாக இருந்தது.

கடைசியில் மார்கழி ஒன்பதாம் தேதி, சொல்லக்கூடாத இடத்தில் சொன்னேன். பெருமாள் கோவிலில் வெண்பொங்கலுக்கு வரிசையில் நிற்கிறோம். முன்னால் அண்ணன். "என்ன தம்பி, கண்ணெல்லாம் செவந்திருக்கு?" என்றார். "உங்க நாய் தூங்க விட்டாத்தானே?" என்று வாயில் வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாசல், துளசி, மண்வெட்டி எல்லாம் கொட்டிவிட்டேன். பின்னால் நின்ற நாலு பேர் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பொங்கல் வாங்காமலே போய்விட்டார்.

இரண்டு நாள் சந்தில் ஆள் நடமாட்டமில்லை. நாயும் வரவில்லை. இராத்திரியில் கட்டிப்போட்ட இடத்தில் அது ஊளையிடுவது கேட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் கைத்தடியோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "நாலு மாசமா அள்ளுனியா?" என்றார். "ஆமாண்ணே" என்றேன். "மொத நாளே வந்து, யோவ், ஒம்ம நாயக் கட்டும்னு சொல்லியிருந்தா நான் என்ன உன் கையக் கடிச்சிருப்பேனா? கோவில்ல வச்சுச் சொல்றியே." நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம்தான் சொன்னார்: "உன் வீட்டுக் கோழி ரெண்டு வருஷமா என் தண்டுக்கீரையக் கிளறுது. நான் சொன்னனா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்த அவள் சிரித்தது திண்ணை வரை கேட்டது. கீரைத் தோட்டத்தை அண்ணி ஏன் விட்டுவிட்டார் என்று நாங்கள் பேசிக்கொண்டதுகூட உண்டு.

மறுநாளே வேலை ஆரம்பித்தோம். வடக்கே ஒருவர் கொல்லையிலிருந்து கிளுவைப் போத்து வெட்டிவந்து முழத்துக்கு ஒன்றாக நட்டோம். சந்து இருந்த இடத்தில் மூங்கில் படல். மூடாமல் விடலாமா என்று அவரும் யோசித்தார், நானும் யோசித்தேன், நாய்க்கும் கோழிக்கும் அதை விளக்க முடியாதே. படலைச் சாத்திக் கம்பி வளையம் மாட்டியபோது இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. இப்போது அண்ணி மோர் கொண்டுவந்தால் படலுக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுக்கிறார். திறந்துகொண்டு வரலாம்தான், ஆனாலும் குரல் கொடுக்கிறார். அது எனக்கு என்னவோ போலிருக்கிறது. போத்தில் ஒன்றிரண்டு துளிர் விடத் தொடங்கியிருக்கிறது.

டைகருக்கு அவர் கொல்லையில் வாழைக்கட்டைக்குப் பக்கத்தில் நீளக் கயிறு. அள்ளுவது அவர்தான். குனிய முடியாது என்பதால் என் மண்வெட்டிக்கு நீளமான காம்பு போட்டுக் கொடுத்தேன். பிரச்சினை தீர்ந்ததா என்றால், முக்கால்வாசி. எப்போதாவது ஒரு நாள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தெரு வழியாகச் சுற்றி வந்துவிடுகிறது. அன்றைக்குக் கோலத்துக்கு முன்னாலேயே டார்ச் வெளிச்சம் வாசலில் ஆடும். அண்ணன் மண்வெட்டியோடு நிற்பார்.

இப்போது உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும். டைகருக்கு இதுவரை குடற்புழு மாத்திரையே கொடுத்ததில்லையாம். வெறிநாய்த் தடுப்பூசி மட்டும் மகன் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். பத்துக் கிலோவுக்கு ஒரு மாத்திரை என்று நீ சொன்னதை அண்ணனிடம் சொன்னேன். எடை எப்படிப் பார்ப்பது? நெல் வியாபாரி வீட்டு எடை மெஷினுக்குக் கூட்டிப்போனோம். தனியாக நிற்க மாட்டேன் என்றுவிட்டது. வியாபாரி மகன் அதைத் தூக்கிக்கொண்டு ஏறினான், அவன் எடையைக் கழித்தோம். 31 கிலோ. "முக்கால் சிப்பம்" என்றார் வியாபாரி, நாற்பது கிலோ நெல் மூட்டைக் கணக்கில்.

பொங்கலுக்கு வரும்போது மூன்று மாத்திரை வாங்கிவா. பணத்தை அண்ணனிடம் வாங்கிக்கொள், நான் தரமாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி