காரணத்தைத் தாளில் அச்சடித்துச் சொல்லுங்கள்: பிரிண்டர் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டு உபயோக பிரிண்டர் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நீங்கள் விற்கும் பிரிண்டர்களை வீடுவீடாகப் போய் வைஃபையில் இணைத்துத் தருகிறவர்கள் நாங்கள். அவை தாமாகவே இணைந்துகொண்டால் எங்களுக்கு வருமானம் குறையும். இருந்தும் எழுதுகிறோம். பிரிண்டருக்கு ஏற்கெனவே தெரிந்த காரணத்தை நாங்கள் தட்டுத்தடுமாறி மறுபடி கண்டுபிடிப்பதும், அதற்கு வீட்டுக்காரர் கூலி கொடுப்பதும் நியாயமாகப் படவில்லை.

'இணைக்க முடியவில்லை, மீண்டும் முயலவும்.' உங்கள் ஆப் காட்டும் இந்த ஒரே வரிக்குள் நான்கு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ரவுட்டரின் சிக்னலே பிரிண்டருக்கு எட்டாமல் இருக்கலாம். எட்டியும் பாதுகாப்பு முறை ஒத்துவராமல் போகலாம். அதுவும் ஒத்துவந்து பாஸ்வேர்ட் தவறாக இருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் ரவுட்டர் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் சாதனத்தை அடையாளம் காட்டும் எண்) தராமல் விடலாம். இணைப்பின் வெவ்வேறு கட்டங்களில் நடப்பவை இவை. எந்தக் கட்டத்தில் நின்றுபோனது என்பது உள்ளே இருக்கும் வைஃபை சிப்புக்குத் தெரியும். தெரிந்தும் அது ஆரஞ்சு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது.

சிக்னல் எட்டாததையே எடுத்துக்கொள்வோம். குறைந்த விலை மாடல்கள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் ஓடும் வைஃபை மட்டும்தான் உண்டு. பெட்டியின் மேல் 'வைஃபை' என்று விரல் நீளத்துக்குப் போடுகிறீர்கள், 2.4 என்பதை அடிப்பக்கத்தில் எறும்பு அளவில் போடுகிறீர்கள். ஃபைபர் இணைப்போடு வரும் ரவுட்டர்கள் பலவும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் பேசுபவை. வீட்டுக்காரரின் போன் '5ஜி' என்று முடியும் பெயரில் (மொபைல் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை) இணைந்திருக்கும். உங்கள் ஆப் அந்தப் பெயரையே பிரிண்டருக்குக் கொடுக்கும். பிரிண்டருக்கோ அப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் வீட்டில் வேறு தொல்லை: சில ரவுட்டர்கள் சாதனங்களை 5-க்குத் தள்ளிவிடப் பார்க்கும், பிரிண்டர் வாசலிலேயே நிற்கும். நாங்கள் செய்வது இதுதான். பிரவுசரில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து (பெரும்பாலும் 192.168.1.1), 5 கிகாஹெர்ட்ஸை அணைத்துவிட்டு பிரிண்டரை இணைக்கிறோம். பிறகு மறுபடி போட்டுவிடுகிறோம். போன் 5-இலும் பிரிண்டர் 2.4-இலும் இருந்தாலும் வழக்கமான வீட்டு ரவுட்டரில் இரண்டும் ஒரே நெட்வொர்க்தான், அச்சு வரும். இந்த ஒரு செய்தியை உங்கள் கையேட்டில் இரண்டு வரியில் எழுதியிருந்தால் பாதிப் பேர் எங்களைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இதிலேயே இன்னொரு கிளை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ், சேனல் என்ற சிறு பிரிவுகளாகப் பிரிந்திருக்கும்; இந்தியாவில் 13-ஆம் சேனல் வரை பயன்படுத்தலாம். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் வாங்கி வந்து கொடுக்கும் பிரிண்டர்கள் பொதுவாக 11 வரைதான் தேடும். ரவுட்டர் 'ஆட்டோ'வில் இருந்து 12-ஐயோ 13-ஐயோ பிடித்துவிட்டால், நேற்றுவரை ஓடிய பிரிண்டருக்கு இன்று நெட்வொர்க்கே கண்ணில் படாது. சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிறுத்தி, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் தீர்ந்தது. (அந்த மாடல்கள் சிலவற்றுக்கு இங்கே விற்கும் கார்ட்ரிட்ஜ் ஒத்துக்கொள்ளாது. அது தனிச் சண்டை, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

பாதுகாப்பு முறையில், பழைய டபிள்யூபிஏ2-க்கு அடுத்ததாக டபிள்யூபிஏ3 வந்த பிறகு குழப்பம் கூடிவிட்டது. ரவுட்டரை டபிள்யூபிஏ3-இல் மட்டும் வைத்தால் பழைய பிரிண்டர் உள்ளே வராது. பாஸ்வேர்ட் அடிக்காமலே இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் பொத்தானும் வேலை செய்யாது, ஏனென்றால் டபிள்யூபிஏ3-இல் அதற்கு இடமே கிடையாது. ரவுட்டரில் 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' கலப்பு முறையை வைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் அடம்பிடித்தால் 'டபிள்யூபிஏ2, ஏஇஎஸ்' ஒன்றுதான் வழி. இந்த நேரத்தில் உங்கள் ஆப் என்ன சொல்கிறது? 'பாஸ்வேர்டைச் சரிபார்க்கவும்' என்கிறது. சரியான பாஸ்வேர்டையே ஒரு மனிதர் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அதையே மாற்றி, வீட்டிலுள்ள டிவி, கேமரா எல்லாவற்றின் இணைப்பையும் அறுத்துக்கொள்கிறார்.

டபிள்யூபிஎஸ் இருக்கும் இடத்தில் ரவுட்டரில் பொத்தானை அழுத்தியதும் 2 நிமிடத்துக்குள் பிரிண்டரிலும் அழுத்திவிட வேண்டும். ரவுட்டர் ஹாலில், பிரிண்டர் மாடியில் என்றால் இணைக்கும்வரை பிரிண்டரைக் கீழே கொண்டுவந்து வைப்பதே மேல். சில மாடல்களின் 'செட்டப்' நிலை 2 மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும். காலையில் இங்க் ஊற்றிவிட்டு மாலையில் இணைக்க உட்காருபவருக்கு இதைச் சொல்வார் யாருமில்லை. வைஃபை பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் அந்த நிலை திரும்ப வரும். எத்தனை நொடி என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். அதைப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே அச்சிட என்ன செலவாகிவிடும்?

ஆப் பற்றி நிறையச் சொல்லலாம். செட்டப்பின்போது போன் உங்கள் பிரிண்டரின் தற்காலிக வைஃபையில் சேர வேண்டும். அதில் இன்டர்நெட் இல்லை என்று கண்டதும் போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவும், செட்டப் பாதியில் அறுந்துவிடும். ஆகவே முதலில் மொபைல் டேட்டாவை அணைக்க வேண்டும், விபிஎன் இருந்தால் அதையும். ஆண்ட்ராய்டு 12 வரை, அக்கம்பக்க வைஃபைகளை ஆப் தேடுவதற்கு லொகேஷன் அனுமதி தேவை; 13-இலிருந்து அதற்கென்றே தனி அனுமதி வந்துவிட்டது. ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் 'லோக்கல் நெட்வொர்க்' என்று ஒரு கேள்வி வரும். அதில் தெரியாமல் 'வேண்டாம்' என்று தொட்டுவிட்டால் ஆப் கண்ணுக்கு பிரிண்டர் தென்படவே படாது. செட்டிங்ஸில் 'பிரைவசி'க்குள் போய் அதைத் திறந்துவிட வேண்டும். 'எனக்கு அனுமதி இல்லை' என்று சொல்ல வேண்டிய ஆப், 'பிரிண்டர் கிடைக்கவில்லை' என்று பழியை பிரிண்டர் மேல் போடுகிறது. இத்தனைக்கும் நடுவில் இமெயில் கொடு, கணக்குத் தொடங்கு என்ற கெடுபிடி வேறு. ஒரு பக்கம் அச்சடிக்க எதற்குக் கணக்கு?

இணைந்த பிறகாவது நிம்மதி உண்டா என்றால், அடுத்த மின்வெட்டு வரைக்கும்தான். சாதாரண ரவுட்டர்களில் பல, யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்ற கணக்கைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கும். கரண்ட் போய் வந்தால் கணக்கு அழிந்துவிடும், முந்தி வருபவருக்கு முந்திய எண். நேற்று 192.168.1.5 ஆக இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.9 ஆகிவிடும். விண்டோஸ் பழைய கதவையே தட்டிவிட்டு 'ஆஃப்லைன்' என்று எழுதிவிடும். வீட்டுக்காரர் பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றுவார், அன்றைக்கு ஓடும். அடுத்த மின்வெட்டில் பழைய குருடி கதவைத் திறடி.

நிரந்தரத் தீர்வு ரவுட்டரில் இருக்கிறது. முகவரி பங்கிடும் டிஹெச்சிபி பகுதியில் 'ரிசர்வேஷன்' என்ற இடத்தில் பிரிண்டரின் மேக் எண்ணை (சாதனத்துக்கே உரிய தனி எண்) கொடுத்து ஒரு முகவரியை ஒதுக்கிவிட வேண்டும். மேக் எண் பிரிண்டர் அச்சிடும் நெட்வொர்க் தாளில் இருக்கும். பிறகு விண்டோஸில் 'பிரிண்டர் ப்ராப்பர்டீஸ்' போய், 'போர்ட்ஸ்' பக்கத்தில், விண்டோஸ் தானாகப் போட்டுக்கொண்ட டபிள்யூஎஸ்டி போர்ட்டுக்குப் பதிலாக 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' சேர்த்து அதே முகவரியைக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் பிரிண்டர் உயிரோடு இருக்கும்போதே ஆஃப்லைன் என்று காட்டினால், 'கான்ஃபிகர் போர்ட்' திறந்து 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். நிலவரம் கேட்டு விண்டோஸ் அனுப்பும் கேள்விக்கு பிரிண்டர் பதில் தராததால் வரும் பொய் ஆஃப்லைன் அது. தொழிலில் இருப்பவர்களுக்கு இது பாலபாடம். உங்கள் உதவி மைய ஊழியர்களோ 'அன்இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க சார்' என்பதைத் தாண்டி வருவதில்லை.

இரண்டு ரவுட்டர் உள்ள வீடுகளை மட்டும் சொல்லிவிடுகிறோம். இன்டர்நெட் நிறுவனம் தந்தது கீழே, சொந்தமாக வாங்கியது மாடியில். ஒன்று 192.168.1 வரிசையில் முகவரி தரும், மற்றொன்று 192.168.0 வரிசையில். பிரிண்டர் ஒன்றிலும் போன் இன்னொன்றிலும் இருந்தால் ஒன்றை ஒன்று பார்க்காது. மாடி ரவுட்டரை, தானாக முகவரி தராமல் வைஃபையை மட்டும் பரப்பும் 'ஆக்சஸ் பாயின்ட்' நிலைக்கு மாற்றினால் இரண்டும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். விருந்தினர் வைஃபையில் பிரிண்டரைச் சேர்த்தாலும் இதே கதைதான்; அது சாதனங்களை ஒன்றோடொன்று பேச விடாது.

இனி எங்கள் கோரிக்கை. நீங்கள் செய்வது அச்சடிக்கும் இயந்திரம். இணைப்பு தோற்றால் காரணத்தை ஒரு தாளில் அச்சடிக்கட்டும். உங்களில் சிலர் நெட்வொர்க் அறிக்கை அச்சிடும் வசதியை வைத்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அதில் வருவது ஒரு குறியீட்டு எண்ணும் இரண்டு வரி ஆங்கிலமும். '169.254' என்று தொடங்கும் முகவரி அந்தத் தாளில் இருந்தால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் பிரிண்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று எங்களுக்குப் புரியும். வீட்டுக்காரருக்கு எப்படிப் புரியும்? 'ரவுட்டர் டபிள்யூபிஏ3-இல் மட்டும் இருக்கிறது, டபிள்யூபிஏ2-ஐயும் அனுமதியுங்கள்' என்று தமிழில் ஒரு வரி வரட்டும். எழுத்துரு இல்லை என்று சொல்லாதீர்கள். இருபது முப்பது வாக்கியங்களைப் படமாகவே உள்ளே வைத்துவிடலாம். கறுப்பு வெள்ளையில் அவை பிடிக்கும் இடம் மிகக் கொஞ்சம்.

ஆப் இல்லாமலும் செட்டப் முடிய வேண்டும். ஆப்பிள் சாதனங்களுக்கான ஏர்பிரிண்ட் 2010-இல் வந்தது, ஆண்ட்ராய்டில் அதே வேலைக்கு வழி செய்யும் மோப்ரியா கூட்டமைப்பு 2013-இல். டிரைவர் ஏற்றாமலே அச்சிடும் வழி பல மாடல்களில் இருக்கிறது. அப்படியிருக்க, நூற்றுக்கணக்கான எம்பி மென்பொருளை இறக்கச் சொல்லி ஏன் அலைக்கழிக்கிறீர்கள்?

கடைசியாக யூஎஸ்பி. பின்பக்கத்து யூஎஸ்பி துளையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மூடி, பெட்டியில் கேபிளும் வைக்காமல் அனுப்புகிறீர்களே, அதை நிறுத்துங்கள். அந்தத் துளைக்குப் பொருந்தும் சதுர முனைக் கேபிள் ஒன்று, ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு உள்ளே இருக்கட்டும். நாளைக் காலை ஹால் டிக்கெட் அச்சடித்தாக வேண்டிய வீட்டில், வைஃபை சரியாகும்வரை அந்தக் கேபிள் போதும்.

இப்படிக்கு,
வீடுவீடாகப் போய் பிரிண்டர் இணைத்துத் தருகிறவர்கள்